அஸ்கெர் படிக்காத மெயில்

அஸ்கெருக்கு ஒரு பெருமை உண்டு. தன் பெயரில் போகும் மெயில்களைத் தான் படிப்பதே இல்லை என்பதுதான் அது. ஆர்ஹுஸ் துறைமுகத்தில், பழைய தானியக் கிடங்கில் இருக்கும் எங்கள் ஆபீஸுக்கு யார் வந்தாலும் முதலில் இதைத்தான் சொல்வான். "படிச்சா ரசனை வந்துரும். ரசனை வந்தா வியாபாரம் போயிரும். எல்லாத்தையும் நம்பர் பாத்துக்கும்" என்பான். வந்தவர்கள் ஏதோ பெரிய ஞானம் கிடைத்துவிட்டதுபோலத் தலையாட்டுவார்கள். அந்த மெயில்களை எழுதியவள் நான். என் பெயர் மெரெட்டெ. யார் எழுதுவது என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

அந்த நம்பர் என்ன விஷயம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அவன் கழுத்தை அதில்தான் மாட்டினேன். ஒவ்வொரு மெயிலையும் இரண்டு விதமாக எழுதுவோம். காலையில் லிஸ்டில், அதாவது எங்கள் மெயில் வேண்டும் என்று பெயர் கொடுத்தவர்களில், கொஞ்சம் பேருக்கு ஒன்று போகும், வேறு கொஞ்சம் பேருக்கு மற்றது போகும். இரண்டிலும் அடியில் ஒரு பட்டன் இருக்கும். எந்த மெயிலில் அதிகம் பேர் பட்டனை அழுத்துகிறார்களோ, அதை மதியச் சாப்பாட்டு நேரத்தில் மிஷினே எடுத்து மீதி அத்தனை பேருக்கும் அனுப்பிவிடும். நடுவில் மனிதர் யாரும் மூக்கை நுழைக்கக் கூடாது. அது அஸ்கெர் போட்ட சட்டம்.

அவனிடம் வருவதற்கு முன்னால் நான் ஒரு விளக்குக் கம்பெனியின் இணையக் கடைக்கு விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தேன். 'மென்மையான ஒளி, மேன்மையான வாழ்வு' என்கிற ரகம். எழுதி எழுதி எனக்கே சலித்துவிட்டது, விளக்கும் விற்கவில்லை. எழுத்தைக் கொஞ்சம் தேற்றிக்கொள்ளலாம் என்றுதான் விளம்பரம் எழுதக் கற்றுத்தரும் அஸ்கெரின் வகுப்பில் சேர்ந்தேன். பொய் சொல்லக் கூடாது, வகுப்பு நன்றாகத்தான் இருந்தது. ஊருக்கே எழுதாதே, ஒரே ஒரு ஆளை மனதில் வைத்து எழுது என்றான். ஜோடனைச் சொல்லை எல்லாம் வெட்டிப்போடு, மிச்சம் நிற்பது எதுவோ அதைத்தான் விற்க முடியும் என்றான். அவனுக்கு எழுத வராது, ஆனால் யாருக்கு வரும் என்பது தெரியும். ஒரு நாள், உங்கள் வீட்டில் யாராவது எதையாவது விற்றிருந்தால் அதை எழுதுங்கள் என்று பயிற்சி கொடுத்தான். நான் அப்பாவைப் பற்றி எழுதினேன்.

என் அப்பா ஹோல்கர், மேற்குக் கரையில் லெம்விக் ஊரில் செருப்புக் கடை வைத்திருந்தார். ஊருக்கு வெளியே பெரிய கடைகள் வந்ததும் அப்பாவின் கடை படுத்துவிட்டது. தள்ளுபடி போட அவருக்கு வசதியில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா, ஒவ்வொரு ஜோடிக்குப் பக்கத்திலும் அதன் குறையை ஓர் அட்டையில் எழுதி வைத்தார். 'முதல் வாரம் குதிகாலைக் கடிக்கும். அப்புறம் பழகிவிடும்.' 'பார்க்க அழகு. மழையில் போட்டால் வருத்தப்படுவீர்கள்.' 'என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. எனக்குப் பிடிக்கிறது.' அந்த அட்டைகளைப் படிக்கவே பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். சிரித்துவிட்டு, வாங்கிக்கொண்டு போனார்கள். அவர் ஓய்வு பெறும்வரை கடை ஓடியது. ஹோல்கர் பொய் சொல்லமாட்டார் என்று லெம்விக்கில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அப்பா சம்பாதித்த சொத்து அது ஒன்றுதான்.

அதைப் படித்துவிட்டு அஸ்கெர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அடுத்த வாரமே என்னை வேலைக்கு எடுத்தான். வாரா வாரம் மெயில் எழுதுவது என் வேலை, கீழே கையெழுத்து அவனுடையது. இந்தத் தொழிலில் இது சகஜம், எனக்கும் அதில் வருத்தமில்லை. லிஸ்ட் பெருகியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பீர் பாட்டிலோடு என் மேசைக்கு வந்து, நீ என் தங்கச் சுரங்கம் என்பான். பல்லைக் காட்டி வைப்பேன்.

வசந்த காலத்தில் கோபன்ஹேகனில் பெரிய கூட்டம் வைத்தான். நான் கடைசி வரிசைக்குப் பின்னால் காபியோடு நின்றுகொண்டிருந்தேன். மேடையில் விளக்கைக் குறைத்தார்கள். அஸ்கெர் மெதுவாக நடந்து நடுவில் வந்து நின்று, "என் அப்பா ஒரு செருப்புக் கடைக்காரர்" என்று ஆரம்பித்தான்.

அவன் அப்பா பல் டாக்டர். கோபன்ஹேகனுக்கு வடக்கே, கடலைப் பார்த்த வீடு, வாசலில் படகு. அந்த மனுஷனை அம்போவென்று விட்டுவிட்டு என் அப்பாவைத் தூக்கி வைத்துக்கொண்டான் பாவி. குதிகாலைக் கடிப்பது, மழை, மனைவிக்குப் பிடிக்காதது, ஒன்று விடவில்லை. என் வாக்கியத்தில் நான் எங்கே மூச்சு விட்டேனோ அங்கேதான் அவனும் விட்டான். முன்வரிசையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. என் காபி ஷூவெல்லாம் கொட்டியது.

மேடைக்குப் பின்னால் போய்ப் பிடித்தேன். அவனுக்கு வெட்கம் என்பது மருந்துக்கும் இல்லை. "பல் டாக்டர் பையன் சொன்னா எவன் அழுவான்? கதை யாருதுங்கறது முக்கியமில்ல மெரெட்டெ, யார் சொன்னா விக்குதுங்கறதுதான் முக்கியம். இதை நான் வகுப்புலயே சொல்லியிருக்கேன்" என்றான். இந்த ஒரு தடவைதான், இனிமேல் சொல்லமாட்டேன் என்று தோளைத் தட்டினான். அந்தப் பேச்சின் வீடியோ ஒரே வாரத்தில் ஊரெல்லாம் சுற்றியது. அப்புறம் ரேடியோவிலும் அதையே சொன்னான். அவனுக்குச் 'செருப்புக் கடைக்காரர் மகன்' என்று பட்டமே வந்துவிட்டது.

அம்மா போன பிறகு அப்பா லெம்விக் வீட்டை விற்றுவிட்டு, எனக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று ஓடெர் என்கிற சின்ன ஊருக்கு வந்துவிட்டார். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. காலையில் பேக்கரியில் ஒரு வட்ட மேசை, வயதானவர்கள் நாலைந்து பேர், ஆளுக்கு ஒரு சீஸ் ரொட்டி, காபி, குளிருக்கு ஒரு சின்ன கிளாஸ் கசப்புச் சாராயம். அந்த மேசையில் அப்பாவுக்கு இடம் கிடைத்ததே செருப்புக் கதையால்தான். போன புதிதில் அதைச் சொல்லிச் சிரிக்க வைத்ததை எனக்குப் போனில் சந்தோஷமாகச் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போனேன். வீட்டிலேயே ரொட்டி சுட்டுக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பேக்கரிக்குப் போகவில்லையா என்று கேட்டேன். இனிமேல் போகப் போவதில்லை என்றார். துருவித் துருவிக் கேட்டதும்தான் வெளியே வந்தது.

அந்த மேசையில் ப்ரேபென் என்று ஒருத்தர். கடற்கரையோரம் கோடை வீடுகளை வாடகைக்கு விடுகிறவர். வயதுக்கு மரியாதை கொடுத்துத்தான் 'அவர்' என்கிறேன். இணையத்தில் ஆள் பிடிக்க விளம்பரம் எழுதக் கற்றுக்கொள்வதற்காக அஸ்கெரின் லிஸ்டில் சேர்ந்திருக்கிறார். ஒரு நாள் அப்பா வழக்கம்போல ஏதோ ஓர் அட்டையைப் பற்றிச் சொல்ல, ப்ரேபென் தன் போனை எடுத்து மேசை நடுவில் வைத்து, அஸ்கெரின் வீடியோவை ஓட விட்டிருக்கிறார். எல்லோரும் கடைசிவரை பார்த்திருக்கிறார்கள். அப்புறம் ப்ரேபென், "அடுத்தவன் அப்பாவை எடுத்து மாட்டிக்கிட்டு அலையிறியே ஹோல்கர், உனக்குன்னு சொந்தமா ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டாராம். மேசையே சிரித்ததாம்.

அப்பாவால் என்ன ஆதாரம் காட்ட முடியும்? அட்டையைச் செருப்போடு சேர்த்தே கொடுத்துவிடுவார். லெம்விக்கில் இருந்தவர்கள் லெம்விக்கில் இருக்கிறார்கள். அவர் ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். "வாதாடினா இன்னும் பொய் மாதிரிதான் தெரியும்" என்று என்னிடம் சொன்னார். அந்தக் கதையை எழுதியது நான், திருடியது என் முதலாளி என்று அவரிடம் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, அப்படியா என்றார், அவ்வளவுதான். எனக்கு அதுதான் தாங்கவில்லை. காரை ஓட்டிக்கொண்டு வரும்போது வழியெல்லாம் அழுதேன். ஆர்ஹுஸ் வந்து சேர்ந்தபோது அழுகை நின்றிருந்தது.

மறுநாள் அஸ்கெரிடம் நேராகப் போய்க் கேட்டேன். அடுத்த மெயிலில் ஒரே ஒரு வரி போதும், கதை என்னுடையது அல்ல, ஓடெரில் இருக்கும் ஹோல்கருடையது என்று போட்டால் போதும் என்றேன். என் அப்பாவைப் பொய்யன் என்று ஊர் சிரிக்கிறது என்றும் சொன்னேன். அவன் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இலையுதிர் கால வகுப்புக்கு ஆள் சேக்கக் கதவு தொறக்கப்போறோம், இப்பப் போய் இதையா பேசுவே? அப்பாவுக்கு நல்லதா ஒரு ஒயின் பாட்டில் அனுப்பு. கம்பெனி கணக்குல போட்டுக்கோ."

அந்த நிமிஷமே கோட்டை மாட்டிக்கொண்டு வெளியேறியிருப்பேன். போகவில்லை. வெளியே போனால் நான் யார்? வேலையை விட்ட ஒருத்தி முதலாளி மேல் புழுதி வாரி இறைக்கிறாள் என்பார்கள். உள்ளே இருந்தால் என் கையில் அவனுடைய லிஸ்ட் இருந்தது. சரி என்று சொல்லி, சிரித்துவிட்டு, என் மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். ஒயின் பாட்டிலும் வாங்கினேன். அதை நானே குடித்தேன்.

கதவு திறக்கும் மெயிலை அவன் கேட்டபடி இரண்டு விதமாக எழுதினேன். முதலாவது வழக்கமான சரக்கு. இரண்டாவதற்குத் தலைப்பு, 'உங்களிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறோம்.' உள்ளே ஜோடனை எதுவும் வைக்கவில்லை. இத்தனை நாள் நீங்கள் படித்ததை எழுதியவள் நான், அஸ்கெர் அல்ல என்று ஆரம்பித்தேன். செருப்புக் கடை என் அப்பா ஹோல்கருடையது, லெம்விக்கில் பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருந்தது, அங்கே யாரை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். அஸ்கெரின் அப்பா பல் டாக்டர் என்று எழுதினேன். ஒரு பேக்கரி மேசையில் என்ன நடந்தது, அப்பாவிடம் என்ன கேட்டார்கள் என்பதை அப்படியே எழுதினேன், ப்ரேபென் பெயரை மட்டும் விட்டுவிட்டேன். கடைசியில் என் முழுப் பெயரைப் போட்டேன்.

அப்புறம் பட்டன். லிஸ்டிலிருந்து விலக ஒரு வழி வைத்தாக வேண்டும் என்பது சட்டம். அதனால் எல்லாரும் அதை மெயிலின் அடியில், மங்கிய சாம்பல் நிறத்தில், பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாத எழுத்தில் ஒளித்து வைப்போம். நான் அதைத் தூக்கி நடுவில் வைத்தேன். 'வகுப்பில் சேர்கிறேன்' என்று சிவப்பாகப் பெரிதாக ஒரு பட்டன் வருமே, அதே சிவப்பு, அதே அளவு. அதன் மேல் 'என் பெயரை எடுத்துவிடுங்கள்' என்று எழுதினேன். எத்தனை பேர் அழுத்தினார்கள் என்றுதான் மிஷின் எண்ணும், எதற்காக அழுத்தினார்கள் என்று கேட்காது. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய ஆள் அஸ்கெர். அவன்தான் படிக்கமாட்டானே.

அன்று காலை அவன் கேக் வாங்கி வந்திருந்தான், மேலே குட்டிக் குட்டிக் கொடிகள் குத்தியிருந்தன. சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச் சுவரில் பெரிய திரை. முதல் மெயில் வழக்கம்போல நொண்டிக்கொண்டிருந்தது. இரண்டாவதின் நம்பர் ஏறியது, ஏறியது, நாங்கள் யாரும் அதுவரை பார்க்காத இடத்துக்கு ஏறியது. கறுப்பு ரொட்டியில் ஈரல் விழுது தடவிக்கொண்டிருந்தவர்கள் கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். அஸ்கெர் எழுந்து நின்று கை தட்ட ஆரம்பித்தான். "பாத்தீங்களா, இதுக்குத்தான் நான் படிக்கிறதில்ல" என்றான். எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன். இரண்டாவது ஜெயித்ததாகத் திரை சொல்ல, மிஷின் அதைத் தேசம் முழுக்க அனுப்பியது. அஸ்கெர் என்னைக் கட்டிப்பிடித்தான். கேக்கில் பெரிய துண்டாக வெட்டி எனக்குத்தான் முதலில் கொடுத்தான். நன்றாகவே இருந்தது, இன்னொரு துண்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

எங்கள் ஆபீஸில் ஒரு கப்பல் மணி தொங்கும். யாராவது வகுப்பில் சேர்ந்தால் அதை அடிப்பது வழக்கம். நம்பர் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது, மணி அடிக்கவேயில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒருத்தர் அதைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் இன்னொருத்தர். அஸ்கெர், பணம் கட்டும் பக்கத்தில் ஏதோ கோளாறு, போய்ப் பாருங்கள் என்றான்.

அப்போது அவன் போன் அடித்தது. அவன் அப்பா. மகனுடைய மெயில் எதையும் அந்த மனுஷன் அதுவரை திறந்ததே இல்லையாம். அந்தத் தலைப்பைப் பார்த்துத் திறந்துவிட்டார். அஸ்கெர் ஒரு கையில் கேக் தட்டோடு, வெற்றிச் செய்தி சொல்லலாம் என்று ஸ்பீக்கரில் போட்டான். ஆபீஸ் முழுக்கக் கேட்டது.

"ஏன்டா அஸ்கெர், நான் எப்படா செருப்பு வித்தேன்?"

அவன் தட்டைக் கீழே வைத்தான். போனை அணைத்துவிட்டு, மெயிலைத் திறந்து படித்தான். நான் எழுதிய ஒன்றை அவன் கடைசி வரிவரை படித்ததை அன்றுதான் பார்த்தேன். முகம் முதலில் சிவந்து, அப்புறம் வெளுத்து, வாய் ஓரத்தில் க்ரீமோடு நின்றான். யாரும் அவனிடம் துடைத்துக்கொள் என்று சொல்லவில்லை. இதை நிறுத்து என்றான். போன மெயிலைத் திருப்பிக் கூப்பிடும் பட்டன் கிடையாது, அது உனக்கும் தெரியும் என்றேன்.

"இந்த லிஸ்ட் என்னோட வாழ்க்கை மெரெட்டெ. எத்தனை வருஷமா ஒவ்வொரு பேரா சேத்தது தெரியுமா?"

"தெரியும். எங்கப்பாவும் வருஷக்கணக்காதான் சேத்தார். அவருக்கு இருந்தது ஒரே ஒரு பேரு."

கோட்டை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். எதிர்காற்று. அன்றைக்கு அதுகூடச் சுகமாக இருந்தது. அந்தச் சாயங்காலத்துக்குள் லிஸ்டில் பாதிக்கு மேல் காலி. வக்கீல் நோட்டீஸ் விடுவேன் என்று மிரட்டினான், விடவில்லை. விட்டால் கோர்ட்டில் தன் அப்பா யார் என்று சொல்ல வேண்டி வருமே.

வெள்ளிக்கிழமை அப்பா போன் பண்ணினார். நாளைக்குக் காலையில் வா, பேக்கரிக்குப் போகணும் என்றார். போனபோது சட்டையை இஸ்திரி போட்டு, ஷூவைப் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தார். மெயிலை அவருக்கும் அனுப்பியிருந்தேன். எப்படி இருந்தது என்று கேட்டேன். பரவாயில்லை என்றார். எங்கள் பக்கத்து ஆள் அதற்கு மேல் சொல்லமாட்டார்.

பேக்கரியில் அதே வட்ட மேசை. அப்பாவைக் கண்டதும் ப்ரேபென் எழுந்து வந்தார். அந்த மெயில் அவருக்கும் போயிருந்தது, படித்துமிருந்தார், காதெல்லாம் சிவந்திருந்தது. ஏதோ தப்பு நடந்துபோச்சு ஹோல்கர், மனசுல வெச்சுக்காதே, உனக்கு ஒரு காபி சொல்லவா என்று கையை நீட்டினார். ஓடெரில் விஷயம் இப்படித்தான் முடியும். கையைக் குலுக்குவார்கள், காபி வரும், அப்புறம் அதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். அப்பாவும் குலுக்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

அப்பா அந்தக் கையைப் பார்த்தார். தொடவில்லை. தன் பழைய நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"போனை எடு. வாசி" என்றார்.

ப்ரேபென் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் துணைக்கு வரவில்லை. உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தொண்டைக்குள்ளேயே வாசிக்க ஆரம்பித்தார். அப்பா அவரை நிறுத்தி, கல்லாப்பெட்டி பக்கம் நிற்பவர்களுக்குக் கேட்கவில்லை, எழுந்து நின்று வாசி என்றார். ப்ரேபென் எழுந்து நின்றார். ரொட்டி வாங்க வந்தவர்கள் வரிசையில் அப்படியே நின்றுவிட்டார்கள். அட்டைகள் வந்த இடத்தில் ஒரு பெண் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. லெம்விக் வந்தது, பல் டாக்டர் வந்தார், பேக்கரி மேசை வந்தது. அங்கே ப்ரேபென் குரலை இறக்கி, அடுத்தவன் அப்பாவை எடுத்து மாட்டிக்கிட்டு அலையிறியே என்கிற வரியை வாய்க்குள் மென்று விழுங்கிவிட்டு, அடுத்த வரிக்குத் தாவினார்.

அப்பா கையை உயர்த்தினார்.

"அந்த வரிய விட்டுட்டியே ப்ரேபென். அதை வாசி. நீ அன்னைக்குச் சொன்ன அதே சத்தத்துல வாசி."